இருபத்திரண்டு இல்லாத பீப்பாய்கள்

உக்லெகிராத் நகராட்சி மன்றம், நகர மக்களை வருங்காலப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்த நாளில் நகரில் யாரும் பட்டினியாக இல்லை. தீர்மானம் நிறைவேறியதும் உறுப்பினர்கள் எதிரே இருந்த உணவகத்துக்குப் போய், ஆளுக்கொரு கிண்ணம் குடல் சூப்பும் வறுத்த இறைச்சியும் வரவழைத்துக்கொண்டு, பட்டினியைப் பற்றி மேலும் இரண்டு மணி நேரம் கவலைப்பட்டார்கள்.

தீர்மானத்தின் சாரம் இதுதான். நகருக்கு வேண்டிய கீரை காய்கறிகள் இனி நகருக்குள்ளேயே, கட்டடத்துக்குள்ளேயே, மண் இல்லாமல், வெயில் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளில் ஊதா விளக்கின் கீழ் விளைய வேண்டும். நகரைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்குக் களை மண்டிக் கிடந்த வயல்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவை நகருக்கு வெளியே இருந்தன.

இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் துணை மேயர் லாச்செசர். முப்பத்தெட்டு வயது. ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, சட்டைக் காலரில் இலை வடிவப் பித்தளை ஊசியோடு திரும்பி வந்தார். "பக்கத்து ஊர்க்காரங்க பழைய சினிமாக் கொட்டகையில அடுக்குப் பண்ணை வெச்சிட்டாங்க. ராத்திரி ஜன்னல் வழியா ஊதாவா தெரியுது. நம்ம ஊர்ல ராத்திரி என்ன தெரியுது?" என்று மன்றத்தில் கேட்டார். உறுப்பினர்கள் யோசித்துப் பார்த்தார்கள். ராத்திரி ஒன்றும் தெரிவதில்லைதான்.

பண்ணைக்கு இடம் தேடி வரைபடத்தை விரித்தார்கள். பதினேழாம் எண் குடியிருப்பின் இரண்டாம் வாசலுக்குக் கீழே "பயன்பாடற்ற வெற்றிடம்" என்று ஒரு நிலவறை இருந்தது. வரைபடம் நாற்பது வருடத்துக்கு முந்தையது. அந்த வெற்றிடத்தில் நாற்பது வருடமாக, இரண்டாம் வாசலின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸைப் பீப்பாய்களில் உப்புநீர் ஊற்றிப் புளிக்கவைத்து வந்தார்கள்.

சூழல் நிலைத்தன்மை அலுவலராக நெத்கோ நியமிக்கப்பட்டார். ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடங்களாகப் பூங்காப் பிரிவில், தெருவோர மரங்களுக்கு எண் போடுவது அவர் வேலை. பட்டப்படிப்பின் பெயரில் "வேளாண்மை" என்ற சொல் இருந்ததால் இந்தப் பதவியும் வந்து சேர்ந்தது. பதினேழாம் எண் குடியிருப்பின் இரண்டாம் வாசலுக்குப் பொறுப்பாளரும் அவர்தான். மாடிப்படியில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தின்போது அவர் நாற்காலி எடுக்க உள்ளே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

ஆகவே அக்டோபர் மாதத்தில், கோஸ் லாரிகள் ஊருக்குள் வரத் தொடங்கிய வாரத்தில், சூழல் அலுவலர் நெத்கோ வாசல் பொறுப்பாளர் நெத்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். "மேற்படி நிலவறையில் குடியிருப்போர் வைத்துள்ள பீப்பாய்கள் பொதுநலன் கருதிப் பதினான்கு நாட்களுக்குள் அப்புறப்படுத்தப்பட வேண்டும். தவறினால் தங்கள் மீது நடவடிக்கை எடுக்க நேரிடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." நடைமுறைப்படி அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்றாம் நாள் தபால்காரி கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் நிதானமாக இன்னொரு முறை படித்தபோது, எழுதியவனின் நிலையும் புரிந்தது.

அவர் மனைவி செவ்தாவுக்குப் புரியவில்லை.

"பீப்பாயை எங்க வெக்கறது? பால்கனியில வெச்சா உறைஞ்சு வெடிக்கும். வீட்டுக்குள்ள வெச்சா நாத்தத்துல நாமதான் பால்கனிக்குப் போகணும்."

"உத்தரவு அப்படி."

"யார் போட்ட உத்தரவு?"

"நான்தான்."

"அப்ப கேட்டுக்கோ நெத்கோ. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மேசையில ஏழு பதார்த்தம் வெக்கணும். கறி கூடாது, ஒத்தப்படையா இருக்கணும். பீன்ஸ் சூப், அடைச்ச மிளகாய், பூசணி ரொட்டி, வால்நட், காய்ஞ்ச பழக் கஷாயம், உருண்டை ரொட்டி. ஆறு. புளிச்ச கோஸ் இலையில அரிசியைச் சுருட்டி சர்மி பண்ணினாத்தான் ஏழு. எங்க வீட்டுல ஒரு வருஷம் கூட ஆறு வெச்சதில்ல. பீப்பாய் போச்சுன்னா ஏழாவதை உங்க ஆபீஸ் குடுக்குமா?"

நெத்கோ கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை மூன்றாம் மாடி ஜெல்யாஸ்கோவோடு நிலவறைக்குப் போனார். ஜெல்யாஸ்கோ ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, மனைவியை இழந்தவர். பீப்பாயின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு வாயால் ஊதுவார். அடியில் தங்கும் உப்பு மேலே கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கோஸ் கெட்டுவிடும். தன் பீப்பாயை ஊதி முடித்துவிட்டு, மூச்சுத் திணறும் பக்கத்து வீட்டாருக்கும் அவரே ஊதிக் கொடுப்பார்.

"கடிதத்தைக் காட்டு," என்றார். வாங்கிப் படித்தார். "என்னடா, பயங்கரமான ஆளா இருக்கானே."

"நான்தான் அண்ணே எழுதினேன்."

"தெரியுது, தெரியுது. பீப்பாய் இருக்குன்னு நீயே ஒத்துக்கறியே, அதான் சிக்கல். இருக்குன்னா எடுக்கச் சொல்லுவான். இல்லைன்னு பதில் எழுது. இல்லாததை எவன் வந்து எடுப்பான்?"

நெத்கோ எழுதினார். "மேற்படி நிலவறையில் பீப்பாய் எதுவும் இல்லை. எனவே அப்புறப்படுத்தும் கேள்வி எழவில்லை." சூழல் அலுவலர் அதை அப்படியே நம்பிவிடக்கூடியவர் அல்லர். நேரில் ஆய்வு செய்ய, வீட்டுச் செருப்போடு படியிறங்கினார். இருபத்திரண்டு பீப்பாய்களையும் பார்த்தார். இடப்பக்கம் நான்காவது, நீல மூடி போட்டது, அவருடையது. அதை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து, "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, பீப்பாய் எதுவும் காணப்படவில்லை" என்று சான்று எழுதி முத்திரை குத்தினார்.

தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு அதற்கு முத்திரையும் குத்துகிறவனை என்னவென்று அழைப்பது என்று அன்று படுக்கையில் யோசித்தார். பெயர் அகப்படவில்லை. அலுவலர் என்று அழைக்கலாம் என்று காலையில் தோன்றியது.

நிலவறையின் முன்பாதியில் பண்ணை வந்தது. ஆறு அடுக்குத் தட்டுகள், குழாய்கள், காற்றுப் பம்பு, ஊதா விளக்குகள். அதற்கு முன்பே குடியிருப்போர் பீப்பாய்களைப் பின்பாதிக்கு உருட்டி, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் இருந்தது, பீப்பாய் இல்லை என்று சான்றளிக்கப்பட்ட பகுதி. நவம்பர் முதல் தேதி லாச்செசர் சுவிட்சைப் போட்டு, லெட்யூஸ் கீரை நாற்றுகளுக்குக் காலை வணக்கம் சொன்னார்.

அதன்பின் சூழல் நிலைத்தன்மை அறிக்கை. நெத்கோ படிவத்தை எடுத்துக்கொண்டு துணை மேயர் அறைக்குப் போனார்.

"சார், இந்தப் படிவத்துல தண்ணிக்குக் கட்டம் இருக்கு, நிலத்துக்கு இருக்கு, பூச்சிமருந்துக்கு இருக்கு. எல்லாத்துலயும் நமக்கு நல்ல மதிப்பெண். மின்சாரத்துக்கு மட்டும் 'மீட்டர் அளவு'ன்னு ஒரு வரி. எங்கேருந்து வருதுன்னு எழுத இடம் இல்ல."

"எதுக்கு நெத்கோ சார் அது?"

"முப்பது கிலோமீட்டர் தள்ளி பழுப்பு நிலக்கரியை எரிச்சுத்தான் நமக்குக் கரண்ட் வருது. கணக்குப் போட்டுப் பாத்தேன். நூறு கிராம் லெட்யூஸுக்கு ஒன்றரைக் கிலோ நிலக்கரி ஆகுது."

"லெட்யூஸ்ல நிலக்கரி இருக்கா?"

"இல்ல சார்."

"கழுவிப் பாத்தீங்களா?"

"அதுல இல்ல சார், அனல் மின் நிலையத்துல..."

"அந்த அனல் மின் நிலையம் எங்க இருக்கு?"

"பக்கத்து மாவட்டத்துல."

"அப்ப அது பக்கத்து மாவட்டத்தோட சூழல். நாம அடுத்தவங்க சூழல்ல தலையிடலாமா?" லாச்செசர் சிவப்புப் பேனாவை எடுத்து, நிலவறை வரைபடத்தில் வாசற்படியின்மேல் ஒரு கோடு இழுத்தார். "இதான் அமைப்பின் எல்லை. இதுக்குள்ள புகை இருக்கா?"

"இல்ல சார்."

"லாரி வருதா?"

"படியில எப்படி சார் வரும்?"

"அப்புறம் என்ன?"

"ஒயர் உள்ள வருதே சார்."

"ஒயர் வரட்டும். நிலக்கரி வரக்கூடாது. அதுல நான் கறாரா இருப்பேன்."

இதை நெத்கோ ஜெல்யாஸ்கோவிடம் சொன்னபோது, அவர் ரப்பர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தடுப்பின் இடுக்கில் கசியும் ஊதா வெளிச்சத்தைப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம் நிலக்கரி வெட்டினேன் தம்பி. வெயில் தயாரிக்கத்தான் வெட்டறேன்னு ஒருத்தனும் சொல்லல. சொல்லியிருந்தா கொஞ்சம் பெருமையா வெட்டியிருப்பேன். ஏண்டா, மேல சும்மாதானே அடிக்குது வெயில்?"

"அது அளக்கப்படாத வெயில் அண்ணே. அதுக்கு மீட்டர் இல்ல."

"ஓ," என்றார் ஜெல்யாஸ்கோ. மறுபடியும் குழாயை வாயில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் பிரச்சினை வந்தது. புளிக்கும் கோஸுக்குக் குளிர் வேண்டும். ஊதா விளக்குகள் நிலவறையை மே மாதம் ஆக்கிவிட்டன. பதினோராம் எண் வீட்டு ராய்னா மூடியைத் திறந்து கையை விட்டு, நூல் நூலாக வழியும் உப்புநீரைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, வழவழன்னு ஆயிடுச்சு. இன்னும் பத்து நாள் இந்தச் சூடு இருந்தா இதைத் தரை துடைக்கத்தான் வெச்சுக்கணும்." பிறகு நெத்கோவைப் பார்த்தாள். "பொறுப்பாளரே, பொறுப்பு எடுங்க."

நெத்கோ பொறுப்பு எடுக்கவில்லை. ஜெல்யாஸ்கோதான் விளக்குகளை அணைத்தார். கூடவே, இனி வேலை இல்லாத காற்றுப் பம்பின் குழாய்களைத் தடுப்புக்கு அப்பால் இழுத்து, பீப்பாய்க்கு ஒன்றாக விட்டார். இருபத்திரண்டு பீப்பாய்களும் ஒரே நேரத்தில் குமிழியிட்டன. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெல்யாஸ்கோவின் வாய் ஓய்ந்தது. நெத்கோ தினமும் மாலை இருட்டுக்குள் வந்து நின்று, பதிவேட்டில் "விளக்குகள்: நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதினார். அது பொய் இல்லை. அணைந்த விளக்கைவிட நல்ல நிலையில் எந்த விளக்கும் இருக்க முடியாது. நிலவறை குளிர்ந்தது, உப்புநீர் தெளிந்தது, கோஸ் பிழைத்தது. லெட்யூஸ்தான் வெளுத்து, மெலிந்து, ஒருநாள் மொத்தமாகச் சாய்ந்தது.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மதியம் லாச்செசர் ஓடி வந்தார். மறுநாள் காலை, பண்ணைக்குப் பணம் கொடுக்கும் பலநாட்டு ஒன்றிய நிதியத்தின் ஆய்வாளர் வருகிறார். கதவைத் திறந்து பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் செஞ்சது?"

மாடிப்படி முழுக்கக் குடியிருப்போர் நின்றிருந்தார்கள்.

"விசாரணை வைப்பேன். தடுப்பை உடைச்சுப் பாப்பேன். ஒவ்வொரு மூலையையும் பாப்பேன்."

மூலை என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்தில் ஓர் அசைவு. ராய்னாதான் முதலில் பேசினாள். "எதுக்குங்க விசாரணை? உங்களுக்கு வேண்டியது லெட்யூஸ். அவ்வளவுதானே? முக்குக் கடையில கிடைக்குது."

"அது இத்தாலியிலேருந்து வர்றதாச்சே!"

"வர்ற ஆய்வாளருக்கு அது தெரியுமா? லெட்யூஸ் நெத்தியில எழுதியிருக்கா?"

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு வீட்டார், வீட்டுக்குப் பத்தாக, முக்குக் கடையிலிருந்து லெட்யூஸ் வாங்கி வந்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றித் தட்டுகளில் நட்டார்கள். ஜெல்யாஸ்கோ தன் பங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்த பயபுள்ள. களைச்சுப் போயிருக்கும். மெதுவா வைங்கப்பா," என்றார்.

ஆய்வாளர் பிர்கிட் டென்மார்க்காரர். விமானம் ஏறினால் புகை என்று மூன்று ரயில் மாறி வந்திருந்தார். இந்த நாட்டுக்கு இருபது வருடமாக வந்து போகிறவர், மொழி நன்றாகத் தெரியும். கையில் டார்ச். தட்டுகளைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் தட்டுகளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மீட்டரைப் பார்த்தார்.

"பதினைந்து நாளா மின்சாரம் அநேகமாச் செலவே ஆகல. பம்பு மட்டும்தான் ஓடியிருக்கு. ஆனா விளைச்சல் இப்படி இருக்கு. நான் இதுவரைக்கும் நாற்பது பண்ணை பாத்திருக்கேன். இப்படி ஒரு மீட்டரைப் பாத்ததில்ல." நெத்கோவிடம் திரும்பினார். "அலுவலர் நீங்கதானே? எப்படிச் செஞ்சீங்க?"

நெத்கோவுக்கு அக்டோபரிலிருந்து எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. இந்த அம்மாள் மூன்று ரயில் மாறி வந்திருக்கிறாள். ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது.

"விளக்கை அணைச்சிட்டோம்," என்றார்.

லாச்செசர் அவர் காலை மிதித்தார்.

"முழுசாவா?"

"முழுசா."

பிர்கிட் எழுதிக்கொண்டார். "இருட்டு முறை. துணிச்சல்தான்."

"அது மட்டும் இல்லம்மா. இந்த லெட்யூஸ் இத்தாலியிலேருந்து வந்தது."

"ரகத்தைப் பொறுத்ததுதான் எல்லாம். வேற யாருக்கும் இந்த ரகம் தோணலயே." அதையும் எழுதிக்கொண்டார். "நீங்க ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். இந்தத் துறையில அபூர்வம்."

உண்மைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நெத்கோ பார்த்ததில்லை. அதற்குமேல் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது பிர்கிட் தலையைச் சாய்த்துக் கேட்டார். "தடுப்புக்குப் பின்னால என்ன சத்தம்? கொப்புளிக்கிற மாதிரி?"

"அங்க ஒண்ணும் இல்ல," என்றார் லாச்செசர். கோப்பிலிருந்து முத்திரையிட்ட சான்றை எடுத்து நீட்டினார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை; அதைத்தான் அவர் படித்திருந்தார். பிர்கிட்டும் படித்தார். இரண்டு இடத்தில் கையெழுத்து, ஒரு முத்திரை, ஆய்வு செய்த தேதி. திருப்தியாகத் தலையசைத்தார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அதற்குச் சான்று இல்லை.

ஆண்டு முடிவதற்குள் கோப்பை மூட வேண்டியிருந்ததால் விருது பத்தே நாளில் வந்தது. கண்டத்திலேயே மிகக் குறைந்த மின்சாரத்தில் விளையும் பண்ணை. "உக்லெகிராத் முறை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நெத்கோவின் காலரிலும் ஒரு பித்தளை இலை ஏறியது. இருபத்திரண்டு வீட்டாரும் படியில் நின்று ரகியா என்ற பழச் சாராயம் குடித்தார்கள். "பாத்தியா தம்பி," என்றார் ஜெல்யாஸ்கோ, "பண்ணையும் இருக்கு, பீப்பாயும் இருக்கு. அரசாங்கத்தை ஜெயிச்சிட்டோம்."

மறுநாளிலிருந்து பார்வையாளர் குழுக்கள் வரத் தொடங்கின. பன்னிரண்டு நகரங்களிலிருந்து, பேருந்து பேருந்தாக. விளக்கே இல்லாமல் விளைவதைப் பார்க்க வந்தவர்களுக்கு, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று குறை. முதல் குழுவிலேயே ஒரு மேயர் பலகையில் முட்டிக்கொண்டார். ஆகவே லாச்செசர் உத்தரவிட்டார்: விளக்குகளை அணைத்து வைப்பதன் பலனைப் பார்வையாளர்கள் நன்றாகக் காணும்பொருட்டு, காலை எட்டு முதல் மாலை ஏழு வரை எல்லா விளக்குகளும் எரிய வேண்டும்.

"சார், அப்ப மீட்டர் ஓடுமே," என்றார் நெத்கோ.

"அது பண்ணைக் கணக்கு இல்ல. சுற்றுலாக் கணக்கு."

சுற்றுலாப் பிரிவு தன் பங்குக்குச் சூடேற்றியும் ஒன்று வைத்தது; வருகிறவர்களுக்குக் குளிரக்கூடாது அல்லவா. கடை லெட்யூஸ் இரண்டு நாளில் வாடியது. புதிதாக வாங்கப் போனால் முக்குக் கடையில் இல்லை, ஊரிலேயே இல்லை. பக்கத்து நகரங்கள் தங்கள் ஆய்வுக்காக மொத்தமாக வாங்கிவிட்டிருந்தன. நகராட்சி பிளாஸ்டிக் லெட்யூஸ் வரவழைத்தது. அதற்குத் தண்ணீரும் வேண்டாம். அறிக்கையில் கடைசியாக மிச்சமிருந்த இரண்டு மதிப்பெண்ணும் வந்து நூற்றுக்கு நூறு ஆனது.

டிசம்பர் இருபதாம் தேதி ராய்னா மூடியைத் திறந்தாள். உடனே மூடினாள். அடுத்த பீப்பாயைத் திறந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீல மூடியை நெத்கோவே திறந்தார். கோஸைக் கையில் எடுத்தபோது அது கையில் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வீட்டாரும் கையெழுத்திட்ட முறையீடு ஒன்றை வாசல் பொறுப்பாளர் நெத்கோவிடம் கொடுத்தார்கள். அவர் அதை உரிய பரிந்துரையுடன் சூழல் அலுவலர் நெத்கோவுக்கு அனுப்பினார். சூழல் அலுவலர் அதை எடுத்துக்கொண்டு துணை மேயரிடம் போனார்.

"விளக்குச் சூட்டுல பீப்பாய் எல்லாம் கெட்டுப்போச்சு சார். இன்னும் நாலு நாள்ல பண்டிகை. வீட்டுக்குக் கொஞ்சம் கோஸாவது நகராட்சி வாங்கித் தரணும்."

"எந்தப் பீப்பாய்?"

நெத்கோ வாயைத் திறந்தார். லாச்செசர் கோப்பைப் புரட்டி, ஒரு தாளில் விரலை வைத்து, அவர் பக்கம் திருப்பினார். அவசரமே இல்லாத, அழகான கையெழுத்து. பூங்காப் பிரிவின் இருபத்தாறு வருட மரங்களும் அந்தக் கையெழுத்தில்தான் எண் பெற்றிருந்தன.

"இல்லாதது எப்படிக் கெடும் நெத்கோ சார்?" என்றார் லாச்செசர். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இருபத்துநாலாம் தேதி மாலை ஜெல்யாஸ்கோவும் சாப்பிட வந்திருந்தார். செவ்தா மேசையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். சூப், மிளகாய், பூசணி ரொட்டி, வால்நட், பழக் கஷாயம், உருண்டை ரொட்டி. வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். யாரும் எண்ணவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அழைப்பு மணி அடித்தது. நகராட்சி ஊழியர் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றார். இரண்டாம் வாசலின் ஒவ்வொரு வீட்டுக்கும் துணை மேயரின் பண்டிகை அன்பளிப்பு. பச்சை நாடா கட்டிய ஒரு பிளாஸ்டிக் லெட்யூஸ்; கூடவே நன்றி அட்டை. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

செவ்தா அதை வாங்கினாள். நாடாவை அவிழ்த்தாள். ஒரு தட்டில் வைத்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"ஏழு," என்றாள்.

அந்த ராத்திரி மேசையை ஒழிக்கக்கூடாது என்பது வழக்கம். காலையில் பார்த்தபோது ஆறு பதார்த்தமும் அநேகமாகக் காலியாகியிருந்தன. ஏழாவது மட்டும் இலை குலையாமல் இருந்தது. செவ்தா அதைக் குழாயடியில் காட்டிக் கழுவி, துணியால் ஒற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்," என்றாள்.

ஆண்டறிக்கையில் "நிலைத்தன்மை" என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. நெத்கோ பேனாவை எடுத்து, மனைவி சொன்னதை அப்படியே எழுதினார். அந்த அறிக்கையில் மெய்யான வரி அது ஒன்றுதான் என்பது, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.